சூது எங்கே தொடங்குகிறது?

‘சீட்டு என்றாலே சூது’ என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். 304, ஓமி போன்ற ஆட்டங்களைப் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தை, இன்று தம்பிமார் விளையாடும் போக்கிமொன் அட்டைகள் மீதும் விழுகிறது. என் கருத்து சற்று வேறு. அந்த அட்டைகளில் இரண்டு விதமான அதிர்ஷ்டம் இருக்கிறது. ஒன்றுக்குப் பெற்றோர் பயப்படத் தேவையில்லை. மற்றதற்குக் கட்டாயம் பயப்பட வேண்டும்.

முதலாவது, கலைப்பதில் வரும் அதிர்ஷ்டம். 304 ஆட்டத்தில் ஒருவருக்கு முதலில் நான்கு சீட்டுகளே கிடைக்கும். மீதி நான்கைப் பார்க்காமலேயே கேள்வி கேட்டுத் துரும்பு வைக்க வேண்டும். என்ன சீட்டு வரும் என்பது நம் கையில் இல்லை. வந்ததை வைத்து எவ்வளவு கேட்பது, இறங்கிய சீட்டுகளை நினைவில் வைத்து எப்படி ஆடுவது என்பவை நம் கையில் உண்டு.

போக்கிமொன் அட்டை ஆட்டம் 1996இல் ஜப்பானில் வெளிவந்தது. இந்த வகை ஆட்டத்துக்கு வழிகாட்டிய ‘மெஜிக்’ ஆட்டத்தை 1993இல் உருவாக்கிய ரிச்சர்ட் கார்பீல்ட் ஒரு கணிதவியலாளர். போக்கிமொனில் 60 அட்டைகள் கொண்ட கட்டை ஆடுபவரே தெரிவு செய்கிறார். அடிப்படைச் சக்தி அட்டைகள் தவிர, ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் கூடாது. ஆரம்பத்தில் ஏழு அட்டைகளை எடுக்க வேண்டும். ஓர் அட்டையில் ஒரு பிரதி மட்டும் வைத்தால் அது முதல் ஏழில் வரும் நிகழ்தகவு ஏறத்தாழ 12 சதவீதம். நான்கு பிரதிகள் வைத்தால் 40 சதவீதம். உயர்தர இணைந்த கணிதத்தில் நாங்கள் படிக்கும் சேர்மானக் கணக்குத்தான் இது.

துறைமுகத்தை அண்டி வாழும் எங்களுக்கு இது புதிதல்ல. மீன் படுவது இறைவனின் நாட்டம். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் என்று அறிந்து, வலையைத் திருத்தி வைப்பது கடலுக்குப் போகிறவரின் வேலை. கலைத்த கட்டு எல்லோருக்கும் சமம். அதற்குக் காசும் இல்லை.

இரண்டாவது, மூடிய பக்கற்றில் வரும் அதிர்ஷ்டம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுக்கிறோம். என் தம்பி இடைவேளைக் காசில் சாப்பிடாமல் மிச்சம் பிடித்து பக்கற் வாங்குகிறான். அவன் தேடும் அட்டை சராசரியாக நூறு பக்கற்றில் ஒன்றில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு பக்கற் வாங்கினால் நிச்சயம் கிடைக்கும் என்பது அவன் எண்ணம். கணக்கோ வேறு சொல்கிறது: நூறு வாங்கிய பிறகும் வெறுங்கையோடு நிற்க ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு உண்டு. நேற்று உடைத்த பக்கற்றை இன்றைய பக்கற் நினைவில் வைத்திருப்பதில்லை.

“ஏதாவது அட்டை கிடைக்கிறதே, அது எப்படிச் சூதாகும்?” என்று சிலர் கேட்கலாம். பிள்ளை அந்த ஏதாவது அட்டைக்காகக் காசு கொடுப்பதில்லை. வராத ஒன்றின் நப்பாசைக்காகவே கொடுக்கிறது. வீடியோ கேம்களில் காசு கொடுத்துத் திறக்கும் இதுபோன்ற மர்மப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக 2018இல் பெல்ஜியம் முடிவு செய்தது. சூதை நம் மார்க்கம் விலக்கியிருக்கிறது. திருக்குறளும் அதற்கு ஒரு தனி அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. இரண்டையும் படிக்கும் நாம், பளபளப்பான உறைக்குள் சூது வந்தால் மட்டும் அடையாளம் காணாமல் இருக்கலாமா?

இன்னொரு அநியாயமும் உண்டு. பக்கற் நிறைய வாங்கும் வசதியுள்ள பிள்ளையின் கட்டு பலமாகிறது. மற்றப் பிள்ளை, ஆடத் தெரிந்தும் தோற்கிறது. கலைப்பதில் இருந்த சமத்துவத்தைக் கடையிலேயே விற்றுவிடுகிறோம்.

பெற்றோரே, பிள்ளையின் கையிலுள்ள கட்டைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டாம். மூடிய பக்கற்றை மட்டும் நிறுத்துங்கள். வேண்டுமானால் என்னென்ன அட்டைகள் என்று தெரிந்த ஆயத்தக் கட்டு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். சகோதரிகளே, தம்பிமாருக்கு அந்த 37 சதவீதக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். ‘கூடாது’ என்று நூறு தடவை சொல்வதைவிட, அந்த ஒரு கணக்கு அவர்களுக்கு விளங்கும்.