பில் புத்தகத்தில் ஒரு முத்திரை

மார்ச் கடைசியில் அருப்புக்கோட்டை ஜெராக்ஸ் கடைகளில் முகூர்த்த நாள் மாதிரி கூட்டம். வணிகவியலும் வணிக நிர்வாகவியலும் படிக்கிற பிள்ளைகள் 'புராஜெக்ட்' பைண்டிங் போட வரிசையில் நிற்பார்கள். ஏதோ நகல் எடுக்கப் போன நான், முன்னால் நின்ற மாணவரின் அறிக்கையை எட்டிப் பார்த்தேன். இருசக்கர வாகன விற்பனை நிலையம் ஒன்றில் முப்பது நாள் இன்டர்ன்ஷிப், வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஆய்வு. நாற்பதாவது பக்கம் வாக்கில் மோட்டார் சைக்கிள் காணாமல் போய் குளிர்சாதனப் பெட்டி வந்துவிட்டது. யாரோ எப்போதோ எழுதியதில் பெயரை மாற்றிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் கோட்டை விட்டிருக்கிறார். "அண்ணே, இந்த ஒரு பக்கத்த மட்டும் மாத்தி அடிச்சுக் குடுத்துருங்க" என்றார். கடைக்காரர் அலட்டிக்கொள்ளாமல் மாற்றிக் கொடுத்தார். பல வருடத்து அறிக்கைகள் அவர் கணினியில் பத்திரமாக இருக்கின்றன.

அந்த மாணவரைக் கேலி செய்வது சுலபம். பேச்சுக் கொடுத்தபோது அவர் சொன்னது வேறு கதை. முதல் நாளே நிறுவனத்தில் கடிதத்தில் சீல் வைத்துக் கொடுத்து, "கடைசி நாள் வந்து சர்டிபிகேட் வாங்கிக்கங்க தம்பி, நடுவுல வந்து தொந்தரவு பண்ணாதீங்க" என்றார்களாம். கல்லூரிக்குத் தாள் வேண்டும், நிறுவனத்துக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது, மாணவருக்கு மதிப்பெண் வேண்டும். மூவருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. மார்க்கெட்டிங் மட்டும் எங்கேயும் நடக்கவில்லை.

மார்க்கெட்டிங் வேலை என்றாலே நம் பக்கத்துப் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். "டிகிரி படிச்சிட்டு பை தூக்கவா?" என்பதுதான் முதல் கேள்வி. தோளில் பையும் கழுத்தில் டையுமாக வெயிலில் வீடு வீடாகக் கதவைத் தட்டியவர்களைப் பார்த்துப் பதிந்த எண்ணம் அது. அதில் நியாயமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பாளையம்பட்டியில் ஒரு பலசரக்குக் கடையைப் பாருங்கள். காலை பத்து மணி, 'லைன்' வருகிற கிழமை. பைக்கை நிறுத்திவிட்டு ஏஜென்சிப் பையன் உள்ளே வருகிறான். கடைக்காரர் நிமிராமலே, "போன வாரம் எறக்குன பிஸ்கட்டே அப்பிடியே கெடக்கு, எடுத்துட்டுப் போற வழியப் பாரு" என்கிறார். பையன் பதில் பேசவில்லை. கைக்குட்டையால் பிஸ்கட் பாக்கெட்டின் தூசியைத் துடைத்து, பின்வரிசையில் இருந்ததை முன்னால் எடுத்து வைக்கிறான். போட்டிக் கம்பெனி ஷாம்பு சரத்துக்குப் பின்னால் மறைந்து தொங்கிய தன் சரத்தை அவிழ்த்து, கண்ணில் படும்படி மாட்டுகிறான். அப்புறம்தான் வாயைத் திறக்கிறான்: "டேமேஜ் இருந்தாக் குடுங்க அண்ணாச்சி, மாத்தித் தாரேன். பன்னெண்டுக்கு ஒண்ணு ஸ்கீம் வந்திருக்கு." பழைய பாக்கியில் பாதி கைக்கு வருகிறது, அரைப் பெட்டிக்கு ஆர்டரும் விழுகிறது. பத்தே நிமிடம்.

விநியோகம், கடன், காட்சிக்கு வைத்தல், சலுகை, குறைதீர்ப்பு என்று ஒரு பருவத்துப் பாடத்திட்டம் முழுக்க அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. அந்தப் பையன் பத்தாவது படித்தவனாக இருக்கலாம். பி.பி.ஏ. படிக்கிற பிள்ளை அதே கடையில் பேனா வாங்கிவிட்டு, இன்டர்ன்ஷிப்புக்குச் சென்னையில் யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு போகிறது.

அந்த ஷாம்பு சரமே சென்னைக் கண்ணாடிக் கட்டடத்தில் பிறந்ததல்ல. கடலூரில் சின்னி கிருஷ்ணன் பாக்கெட்டில் அடைத்துப் பார்த்த யோசனை அது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கி, 'சிக்' ஷாம்பைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். ஊர்க்கூட்டத்தில் பள்ளிப் பையன்களுக்குத் தலை குளிப்பாட்டிக் காட்டினார். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தாலும் தன்னுடையதில் ஒன்று இலவசம் என்றார். சீயக்காயோடு இருந்த ஊர்களில் என்ன ஓடும், என்ன விலைக்கு ஓடும் என்பதைத் தெருவில் நின்று கண்டுபிடித்த கதை அது.

நம் விருதுநகர் மாவட்டத்துக்கும் இது புதிதல்ல. இன்டர்ன்ஷிப் என்ற சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் காரியம் இங்கே இருந்தது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கூடவே இருந்து பழகி, 1923இல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகங்கள் வந்தன, அச்சகத்திலிருந்து காலண்டர் வந்தது. ஒரு பயிற்சிப் பயணம் ஒரு வறண்ட ஊரின் தலையெழுத்தை மாற்றியது.

இன்னொரு முறை செட்டிநாட்டில் இருந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் நடத்திய கடைகளில் பையன்களைப் பெட்டியடியில் உட்காரவைப்பார்கள். பெட்டியடிப் பையன் என்றே பெயர். எடுபிடி வேலை, கடிதம் கொண்டுபோவது, சின்னக் கணக்கு எழுதுவது என்று தொடங்கி அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏறி, ஒருநாள் கடையையே பொறுப்பேற்கிற ஏஜெண்டு ஆவார்கள். சான்றிதழ் கிடையாது. அவன் தேறினானா இல்லையா என்பதைப் பேரேடு சொல்லிவிடும்.

இதைச் சொன்னதும், "அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது" என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெட்டியடியில் இடம் யாருக்குக் கிடைத்தது? சொந்தச் சாதிப் பையனுக்கு, அதிலும் உறவுக்காரப் பையனுக்கு. கமிஷன் மண்டியில் இன்றும் கல்லாப் பக்கம் உட்காருகிறவர் மருமகனாகவோ பங்காளி மகனாகவோதான் பெரும்பாலும் இருப்பார். மூட்டை தூக்குகிறவரின் மகன் பி.காம். முடித்திருந்தாலும் அந்தப் பக்கம் வருவதில்லை. வியாபார ரகசியம் வீட்டுக்குள்ளேயே சுற்றிவந்தது. ஆகவே இன்டர்ன்ஷிப் என்கிற ஏற்பாட்டுக்கு நம் ஊரில் ஒரு தனி அர்த்தம் உண்டு. திருச்சுழிப் பக்கத்து மானாவாரி விவசாயியின் மகளை, யாருடைய உறவாகவும் இல்லாத ஒரு பெண்ணை, ஒரு வியாபாரத்தின் பேரேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைக்க நம்மிடம் இருக்கிற வழி அது ஒன்றுதான். அதைத்தான் நாற்பது பக்கப் பைண்டிங்காகச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு 'நான் முதல்வன்' திறன் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2024 அக்டோபரில் மத்திய அரசு பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைச் சோதனை முறையில் கொண்டுவந்தது. முன்னணி 500 நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், ஐந்தாண்டில் ஒரு கோடிப் பேர் என்பது அப்போதைய இலக்கு. முதல் சுற்றில் 82,000க்கும் மேற்பட்ட வாய்ப்புகள் இளைஞர்களுக்கு நீட்டப்பட்டன. ஏற்றுக்கொண்டவர்கள் 28,000 பேர் அளவில். போய்ச் சேர்ந்தவர்கள் 8,700 பேர்தான். பயிற்சி இடம் தொலைவு, காலம் நீளம், கொடுத்த வேலை பிடிக்கவில்லை என்று காரணங்கள் சொல்லப்பட்டன.

பாளையம்பட்டியில் இருந்து பார்த்தால் இதில் மர்மம் எதுவுமில்லை. ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு சென்னையில் விடுதிக்குக் கொடுப்பதா, சாப்பிடுவதா? பெண் பிள்ளை என்றால் சாயங்காலப் பேருந்தில் வீடு திரும்புகிற தூரம்தான் பல வீடுகளில் எல்லை. தினமும் மதுரை போய் வருவதற்கே வீட்டில் பஞ்சாயத்து வைக்க வேண்டும்.

எல்லோரும் பெரிய கம்பெனியையே பார்த்துக்கொண்டிருக்க, சட்டத்தில் ஒரு சின்னக் கதவு திறந்து கிடக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்துக்கு 2019இல் கொண்டுவந்த விதித் திருத்தத்தின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்கள் விரும்பினால் எடுக்கலாம். நான்கு பேர்! அருப்புக்கோட்டையில் ஒரு பிஸ்கட் ஏஜென்சிக்கும் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டிக்கும் இது பொருந்துகிற கணக்கு. பட்டதாரிப் பழகுநருக்கு அந்த விதி வைத்த உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. இதை நான் சொன்னபோது ஒரு ஏஜென்சி முதலாளி, "பதிவு பண்ணா அப்புறம் ஆபீசர் வருவாரே" என்றார். அவர் பயம் அவருக்கு. அந்தப் பயத்தைப் போக்க மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகமும் வணிகர் சங்கமும் ஒருநாள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும் என்பது என் எண்ணம்.

சரி, இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரம் ஏஜென்சியில் என்ன செய்வது? முதல் வாரம் வாயைத் திறக்காமல் லைனில் பின்னால் உட்கார்ந்து போவது நல்லது. எந்தக் கடையில் எந்தச் சரக்கு திரும்பி வருகிறது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். விற்றதை எல்லோரும் எழுதுவார்கள், திரும்பி வந்ததை யாரும் எழுதுவதில்லை. ஒரு மாத 'ரிட்டர்ன்' கணக்கைக் கடைவாரியாகப் பிரித்து முதலாளி முன் வைக்கிற பிள்ளையை அவர் கடைசி நாள் சர்டிபிகேட்டோடு அனுப்பிவிட மாட்டார். பாக்கி வசூலையும் கற்க வேண்டும். கோபப்படாமல், குழையாமல், அடுத்த ஆர்டரையும் இழக்காமல் பணம் கேட்பது எந்த வகுப்பிலும் இல்லாத வித்தை. மண்டி என்றால் நாளிதழில் வருகிற விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைத் தினமும் வெட்டி ஒட்டி, மல்லி ஏன் ஏறியது, உளுந்து ஏன் இறங்கியது என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்கலாம். அவர் எரிந்து விழுவார். மூன்றாவது நாள் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பிப்பார்.

பெயர் வைப்பது எப்படி என்பதையும் இந்த மாவட்டத்திலேயே பார்க்கலாம். விருதுநகரில் 1943 முதல் எண்ணெய் வியாபாரம் செய்துவந்த வி.வி.வி. குடும்பம், 1986இல் தன் நல்லெண்ணெய்க்கு 'இதயம்' என்று பெயர் வைத்தது. டின்னில் அளந்து ஊற்றிய பொருளுக்கு ஒரு முகம் கிடைத்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்து மல்லிகைக்கோ இன்னும் சொந்த முகம் இல்லை. விடிவதற்கு முன்னால் பறித்த மொக்கு மார்க்கெட்டுக்குப் போய், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி என்ற பெயரில் போய்விடுகிறது. விருதுநகர் மாவட்டமும் அந்தக் குறியீட்டின் எல்லைக்குள் வருவதால் தப்பில்லை. ஆனால் கைத்தறிச் சேலைக்கும் மல்லிகைக்கும் குதிரைவாலிக்கும் வாங்குகிறவர் யார், அவர் என்ன விலை தருவார் என்று ஒரு பருவம் முழுக்கத் தேடி எழுதுகிற மாணவருக்கு அதைவிட நல்ல புராஜெக்ட் எது?

பை தூக்குகிற பயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் நானும் ஒருமுறை ஏமாந்தவன். மதுரையில் ஒரு மாடி அறை, 'மார்க்கெட்டிங் டிரெய்னி' விளம்பரம், வைப்புத்தொகை ஐந்நூறு ரூபாய். எட்டு நாள் கைதட்டலும் பாட்டுமாக வகுப்பு. ஒன்பதாம் நாள்தான் புரிந்தது, விற்க வேண்டிய சரக்கு என் சித்தப்பாவும் மாமாவும் என்று. ஆள் சேர்த்தால் காசு, சேர்த்தவர் ஆள் சேர்த்தால் இன்னும் காசு. அப்பா கடன் வாங்கித் தந்த ஐந்நூறு திரும்பி வரவில்லை. பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978இலிருந்தே இருக்கிறது. பிரமிடு முறையில் ஆள் சேர்ப்பதை 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் தடுக்கின்றன. ஆனாலும் பேருந்து நிலையத் தூணில் அந்த நோட்டீஸ் இன்றும் புதிதாக ஒட்டியிருக்கிறது. வேலைக்கு முன்னால் பணம் கேட்டாலே எழுந்து வந்துவிட வேண்டும். வேலை செய்தும் பணம் தராமல் ஆறு மாதம் 'அனுபவம்' மட்டும் தருகிறவர்களையும் நான் அந்த வரிசையில்தான் வைப்பேன். சம்பளமில்லாப் பயிற்சியை வீட்டில் வசதி இருக்கிற பிள்ளைதான் தாங்கும். பெட்டியடி மறுபடியும் உறவுக்காரனுக்கே போய்விடும்.

இந்த வருடம் எனக்குத் தெரிந்த ஒரு பையன் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தான். ஊருக்குப் பக்கத்தில் ஒரு வத்தல் மண்டியில் கேட்டு, ஐந்து வாரம் போய் உட்கார்ந்தான். நோட்டு நிறைய எழுதியிருந்தான். எந்த ஊர் வத்தல் எந்த ஊருக்கு ஏன் போகிறது, காம்போடு எடுப்பதற்கும் காம்பு கிள்ளி எடுப்பதற்கும் விலை எவ்வளவு வித்தியாசம் என்று படிக்கச் சுவையாக இருந்தது. சிக்கல் சான்றிதழில் வந்தது. நிறுவனத்தின் லெட்டர்ஹெட் வேண்டும், முடிந்தால் இணையதள முகவரியும் வேண்டும் என்று துறையில் கேட்டார்களாம். மண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். கடைசியில் ஜி.எஸ்.டி. எண் அச்சிட்ட பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் தன் கையால் நாலு வரி எழுதி, 'சரக்கு சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையைக் குத்திக் கொடுத்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு முத்திரைதான். துறைத்தலைவர் அதை ஏற்றுக்கொள்வாரா என்று பையன் இன்னும் காத்திருக்கிறான்.