எத்தனை அடி என்பது பாதிக் கேள்வி

தஹிட்டித் தீவின் தென்மேற்கில், கரையோரச் சாலை முடிந்துபோகிற இடத்தில் இருக்கிறது தியாஹுபோ என்ற சிற்றூர். அதற்கப்பால் போக வேண்டுமென்றால் படகேற வேண்டும் அல்லது நடக்க வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே தங்கியிருக்கும் அலைச்சறுக்கு வீரர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து கைப்பேசியில் கடல்நிலையைப் பார்க்கிறார்கள். அலை எத்தனை அடி என்பதை மட்டும் பார்த்துவிட்டு யாரும் கிளம்புவதில்லை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை வினாடி, அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் பலகையைக் கையில் எடுக்கிறார்கள்.

நம் ஊரில் கடல் பற்றிய எச்சரிக்கை செய்தியாகும்போது பெரும்பாலும் உயரத்தோடு நின்றுவிடுகிறது. அந்தப் பழக்கம் மாற வேண்டும். ஏன் மாற வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளத் தியாஹுபோவின் கடல் நல்ல பள்ளிக்கூடம்.

கடலடிப் பாறைத் திட்டை நம் மீனவர்கள் பார் என்பார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த இடங்களுக்கும் பார் என்றுதான் பெயர். தியாஹுபோவிலும் அப்படியொரு பார் கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிக் கிடக்கிறது, முழுக்கப் பவளம். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் கொட்டும் நன்னீரில் பவளம் வளராது. அதனால் ஆற்றுக்கு நேரே பாரில் ஒரு வாய் திறந்திருக்கிறது. அந்த வாயின் ஓரத்தில்தான் உலகின் கனமான அலைகளுள் ஒன்று உடைகிறது. பாரின் மேல் சில இடங்களில் ஒரு மீட்டர் தண்ணீர்கூட நிற்பதில்லை. வெளியே அரைக் கிலோமீட்டர் போவதற்குள் கடல் சுமார் 300 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது.

மணற்கரைக்கு வரும் அலை மெல்ல மெல்லத் தரையைத் தொட்டு, வேகம் குறைந்து, சோர்ந்து உடையும். இங்கே அதற்கு நேரமில்லை. ஆழ்கடலில் ஓடிவந்த அலை அதே வேகத்தில் பவளச்சுவரில் முட்டுகிறது. அடிப்பகுதி தடுக்கி நிற்க, மேற்பகுதி அப்படியே முன்னால் கவிழ்கிறது. எதிரே உள்ள தண்ணீரை அலை உறிஞ்சி இழுப்பதால் அதன் பள்ளம் கடல்மட்டத்துக்கும் கீழே போகிறது. படகில் இருந்து பார்ப்பவர்களுக்குக் கடலே மடிந்து விழுவதுபோல் தெரியும். தவறி விழுந்தவருக்கு அடியில் இருப்பது கத்திபோன்ற பவளம். 2000ஆம் ஆண்டில் உள்ளூர் வீரர் ஒருவர் அந்தப் பாரில் அடிபட்டு உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கரான லேர்ட் ஹாமில்டன் அங்கே சறுக்கிய அலைதான் இந்த ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது.

இப்போது வினாடிக் கணக்குக்கு வரலாம். இரண்டு மீட்டர் உயரத்தில் இரண்டு அலைகள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று எட்டு வினாடிக்கு ஒருமுறை வருவது, மற்றொன்று பதினாறு வினாடிக்கு ஒருமுறை வருவது. உயரம் ஒன்றேதான். ஆனால் ஆழ்கடலில் முதலாவதின் நீளம், ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை, சுமார் 100 மீட்டர். இரண்டாவதின் நீளம் 400 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வரை தண்ணீரை அசைக்கும். ஆகவே எட்டு வினாடி அலை 50 மீட்டர் ஆழத்தில்தான் தரையை உணரும். பதினாறு வினாடி அலையோ 200 மீட்டர் ஆழத்திலேயே உணரத் தொடங்கிவிடும். ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் அது கரைக்குச் சுமந்துவரும் ஆற்றலும் இரண்டு மடங்கு. கரைக்கு வரும்போது எட்டு வினாடி அலை அதிகம் உயராது, பதினாறு வினாடி அலை எழும்பும். "இரண்டு மீட்டர் அலை" என்று மட்டும் சொன்னால் இந்த வேறுபாடு முழுவதும் மறைந்துபோகிறது.

பதினாறு வினாடி அலையை உள்ளூர்க் காற்று உண்டாக்குவதில்லை. நியூசிலாந்துக்குத் தெற்கே, நிலமே குறுக்கிடாத தென்பெருங்கடலில், குளிர்காலப் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. அங்கே பிறக்கும் அலைக் கூட்டத்தில் பதினாறு வினாடி அலைகள் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் புயல் அடித்தால், தியாஹுபோவுக்கு நான்காம் நாள் அலை வந்து சேரும். இருபது வினாடி அலைகள் அதற்கு முன்பே, மூன்றாம் நாளில், வந்துவிடும். உயரம் குறைவாக, இடைவெளி நீண்டதாக வரும் இந்த முன்னோடிகளைப் பார்த்தே பின்னால் பெரிய அலை வருகிறது என்று அனுபவசாலிகள் புரிந்துகொள்வார்கள்.

இதையெல்லாம் கணக்காக்கிக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் கடலியல் அறிஞர் வால்டர் மங்க். இரண்டாம் உலகப் போரில், நார்மண்டிக் கரையில் படைகளை இறக்க அலை அனுமதிக்குமா என்ற கேள்விக்கு விடை காண, அவரும் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் வகுத்த முறையே உதவியது. 1963இல் மங்க் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை வரிசையாகக் கருவிகளை வைத்து, தென்பெருங்கடலில் பிறந்த அலைகளைப் பசிபிக் முழுவதும் பின்தொடர்ந்தார். அந்த வரிசையில் ஓர் இடமான சமோவாவில் அவர் குடும்பத்தோடு தங்கி அளவெடுத்தார். புயற்பகுதியை விட்டு வெளியேறிய நீண்ட அலைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்தும் ஆற்றலைப் பெரிதாக இழப்பதில்லை என்பது அந்த உழைப்பில் தெளிவாயிற்று. இன்று கைப்பேசியில் வரும் அலைவரைபடத்தின் வேர் அங்கே இருக்கிறது.

காற்று வேறு கணக்கு. தியாஹுபோ தென்மேற்கைப் பார்த்த கடல். வடகிழக்கிலிருந்து காற்று வந்தால் அது மலையைத் தாண்டி, கரையிலிருந்து கடலை நோக்கி வீசி, அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும். முகம் கண்ணாடிபோல் வழவழப்பாகும். இரவில் குளிர்ந்த மலைக்காற்று பள்ளத்தாக்கு வழியே இறங்குவதை அங்குள்ளவர்கள் ஹூப்பே என்கிறார்கள். விடியற்காலை நேரம் வீரர்களுக்குப் பிடிப்பதற்கு அந்தக் கரைக்காற்றும் ஒரு காரணம். வெயில் ஏற ஏறக் கடற்காற்று திரும்பும். மராமு என்ற தென்கிழக்குக் காற்று இதே குளிர்மாதங்களில்தான் பலம் கொள்ளும். வந்தால் மழையும் கொந்தளிப்புமாகச் சில நாள் கடலைக் கெடுத்துவிடும். அலை வருகிற பருவமும் மராமு வருகிற பருவமும் ஒன்றாக இருப்பதால், நல்ல அலை வந்தும் காற்றால் வீணாகும் நாட்கள் உண்டு.

ஓதம் மட்டும் அங்கே யாரையும் ஏமாற்றுவதில்லை. உலகின் பெரும்பாலான கரைகளில் ஏற்றவற்றம் நிலவைப் பின்பற்றி நாளுக்கு நாள் தள்ளிப்போகும். தஹிட்டியில் நிலவின் இழுப்பு ஏறத்தாழ இல்லாமல் போக, சூரியனின் இழுப்பே ஆட்சி செய்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி ஏற்றம், காலை ஆறையும் மாலை ஆறையும் ஒட்டி வற்றம். வித்தியாசம் ஓர் அடி அளவுதான்.

அப்படியானால் வரும் வாரங்களில் அந்தப் பாரில் கடல் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா? புயல் ஏற்கெனவே அடித்து, அலை ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்றால் அடுத்த நான்கைந்து நாளைத் துணிந்து சொல்லலாம். ஏனென்றால் அது நடந்து முடிந்த ஒன்றின் பயணம். இன்னும் பிறக்காத புயலின் அலையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் புயலைச் சொல்ல வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் அந்தக் கணிப்பு தளரும். இரண்டு வாரத்துக்கு அப்பால் வானிலையின் இயல்பே அதற்கு இடம் கொடுப்பதில்லை. அதற்கு மேல் மிஞ்சுவது பருவம் பற்றிய பொது அறிவுதான்: இந்த மாதத்தில் தென்மேற்கு அலை அடிக்கடி வரும், தென்கிழக்குக் காற்று இடையிடையே வரும் என்கிற அளவுக்கு. மூன்றாம் வாரத்தின் செவ்வாய்க்கிழமைக்கு இத்தனை அடி என்று எழுதிக் காட்டும் வரைபடத்தை நம்பிப் பயணச்சீட்டு எடுப்பவர் ஊகத்தை நம்பிப் போகிறார்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி இங்கேதான் நடந்தது. பாரிஸிலிருந்து 15,000 கிலோமீட்டருக்கும் அப்பால். நான்கு நாள் போதுமான போட்டிக்கு ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 5 வரை பத்து நாள் ஒதுக்கினார்கள். ஜூலை 29 அன்று பெரிய அலை வந்தது. பிரேசிலின் கேப்ரியல் மெதினா 9.90 புள்ளி எடுத்துவிட்டு அலைக்கு மேல் துள்ளி, பலகையோடு வானத்தில் நிற்பதுபோல் தெரிந்த படம் உலகமெங்கும் பரவியது அந்த நாளில்தான். அன்றைய பெண்கள் சுற்று தள்ளிவைக்கப்பட்டது. அடுத்தடுத்தும் ஒத்திவைப்புகள். கடைசியில், ஒதுக்கிய நாட்களின் கடைசி நாளில், இறுதிச்சுற்று முடிந்தது.

அந்த ஆண்கள் இறுதிச்சுற்றைப் பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். தஹிட்டியின் பிள்ளையான கௌலி வாஸ்ட் ஆரம்பத்திலேயே இரண்டு நல்ல அலைகளைப் பிடித்துவிட்டார். ஆஸ்திரேலியாவின் ஜாக் ராபின்சன் தன் இரண்டாவது நல்ல அலைக்காகப் பலகைமேல் உட்கார்ந்து காத்தார். கடல் அடங்கிப்போயிற்று, நேரம் முடியும்வரை அவருக்கு வேண்டிய அலை வரவில்லை. தூரத்து அலைகள் கூட்டமாக வரும், நடுவே நீண்ட அமைதி இருக்கும். முன்னறிவிப்பால் நாளைச் சொல்ல முடியும், அந்த நாளுக்குள் அலை வரும் நிமிடத்தைச் சொல்ல முடியாது.

விளையாட்டில் அந்த அமைதி ஒரு பதக்கத்தின் நிறத்தை மாற்றும். கடற்கரையில் நிற்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்று கொன்றது. அந்தப் பகுதியில் புயல் இல்லை. அலையைப் பெருக்கும் காற்றும் உள்ளூரில் இல்லை. கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்று பெயர் வைத்த கொந்தளிப்பு அது. சத்தமில்லாமல் வந்து கரையேறுவதால் அந்தப் பெயர். ஏப்ரல் இறுதியில், இந்தியக் கரையிலிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர் தொலைவில் உருவான ஒரு தாழ்வழுத்தப் பகுதியில் அதன் பிறப்பைக் கண்டார்கள். தியாஹுபோவுக்கு அலை அனுப்பும் அதே தென்பெருங்கடல்தான், இந்தியப் பெருங்கடல் பக்கத்துக் கதவு வழியே குமரிக்கும் அனுப்புகிறது.

முன்னறிவிப்பு இல்லாமல் இது நடக்கவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2020 முதல் இத்தகைய அலைகளுக்கென்றே தனி முன்னறிவிப்பு தருகிறது. அந்த நாட்களுக்கும் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. ஆனால் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்ற எண் காதில் விழுந்தால் இடுப்பளவு அலை என்றுதான் எவரும் நினைப்பார். மெரினாவில் கால் நனைத்துப் பழகியவருக்கு அது பயமே தராது. அந்த ஒன்றரை மீட்டர் நீண்ட இடைவெளியோடு வந்தால், அது மணல்மேல் எவ்வளவு தூரம் ஏறும், திரும்பும்போது எத்தனை நேரம் காலை இழுத்துக்கொண்டே போகும் என்பதை உயரம் சொல்வதில்லை. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கடல் அமைதியாக இருக்கும் சில நிமிடங்களில்தான் ஆட்கள் இறங்குகிறார்கள்.

வினாடியெல்லாம் சொன்னால் சாதாரண மக்களுக்குப் புரியாது என்று ஒரு பதில் வரும். இதை ஏற்க முடியாது. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று கேட்டே புயலின் கடுமையை அளந்த மக்கள் இவர்கள். மழையை மில்லிமீட்டரில் படித்துப் பழகிவிட்டார்கள். கடற்கரை ஊர்களிலோ அறிவு இன்னும் ஆழம். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றின் திசைக்கொரு பெயர் வைத்து, அதைப் பார்த்து வலையையும் பயணத்தையும் முடிவுசெய்தவர்களுக்கு, அலை பதினெட்டு வினாடிக்கு ஒன்று என்றால் விளங்காமல் போகுமா? அவர்களுக்குத் தெரிந்ததை வெளியூர்ச் சுற்றுலாப் பயணிக்கும் சொல்லும் வழிதான் இல்லை.

வினாடியை எண்ணக் கருவியும் வேண்டாம். பாதுகாப்பான தூரத்தில் நின்று, ஓர் அலை உடையும்போது எண்ணத் தொடங்கி அடுத்தது உடையும் வரை எண்ணினால் போதும். பத்து முறை எண்ணிச் சராசரி பார்த்தால் கிட்டத்தட்ட விடை கிடைக்கும். எண்ணிக்கை பதினைந்தைத் தாண்டினால், அன்று வெயில் எவ்வளவு இதமாக இருந்தாலும், பாறைமேல் ஏறி நிற்பதும் தண்ணீரில் இறங்குவதும் வேண்டாம். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இதை அன்றாடம் செய்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. இந்த அறிவு நமக்குப் புதிதோ அயலோ அல்ல.

ஆகவே கேட்பது சிறியது. கடல் எச்சரிக்கையை வெளியிடும் ஒவ்வொரு நாளிதழும் தொலைக்காட்சியும், கடற்கரை நுழைவாயிலில் பலகை வைக்கும் ஒவ்வொரு ஊராட்சியும், உயரத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று விவரங்களைச் சேர்க்கட்டும். மையத்தின் அறிக்கையில் இருப்பதை வழியில் உதிர்த்துவிடாமல் அப்படியே கரைக்குக் கொண்டுவந்தால் போதும். லெமூர் கடற்கரை வாசலில் ஒரு பலகை இப்படி இருக்கலாம்: "இன்று அலை தெற்கிலிருந்து வருகிறது. உயரம் ஒன்றரை மீட்டர். பதினெட்டு வினாடிக்கு ஓர் அலை. காற்று இல்லை. நாளை மாலை வரை யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்."