காட்டுப்பன்றிக்கு ஏர்கன் வாங்கலாமா?

கேள்வி: மூன்று ஏக்கர் நிலக்கடலையைக் காட்டுப்பன்றிகள் இரவில் தோண்டிப் போடுகின்றன. ஸ்கோப் வைத்த ஏர்கன் வாங்க நினைக்கிறேன். எந்த ஸ்கோப் நம்பகமானது?
– வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனாலும் அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள், ஸ்கோப் எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்பதைவிட, சரிசெய்த குறி பலமுறை சுட்ட பிறகும் மாறாமல் நிற்கிறதா என்றே பார்ப்பார்கள். ஸ்பிரிங் ஏர்கன் சுடும்போது பின்னும் முன்னும் உதறும். அதைத் தாங்காத ஸ்கோப் சீக்கிரம் கெடும். பிடிப்புத் திருகு தளர்ந்தாலும் குறி தப்பும்.

நல்ல ஸ்கோப்பே என்றாலும் அது குண்டின் வேகத்தைக் கூட்டாது. 4.5 மி.மீ. ஈயக்குண்டு பன்றியைக் காயப்படுத்தும், அவ்வளவுதான். காயம்பட்ட பன்றி, காலையில் களையெடுக்க வரும் பெண்கள் மீது பாயும்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி காயப்படுத்துவதும், அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான். கேரளத்தில் உள்ளாட்சி அனுமதியுடன் உரிமத் துப்பாக்கி உள்ளவர்கள் சுடுகிறார்கள். தமிழ்நாட்டில் அப்படியில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால், வனத்துறையினர் மட்டுமே சுடலாம்.

சேதத்தைப் படமெடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்த பட்டத்தில் வரப்பை ஒட்டி முள் குசும்பாவை நெருக்கமாக விதையுங்கள். காய் பிடிக்கும் நேரத்தில் பக்கத்து நிலத்தாரோடு முறைவைத்துக் காவல் இருங்கள்.

மின்கம்பியை மட்டும் கட்டிவிடாதீர்கள். இருட்டில் அதை மிதிப்பது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.