குருட்டுப் பந்தயம்

சீட்டாட்டத்தைப் பற்றி ஆசிரியர் எழுதலாமா என்று பெற்றோர் முகஞ்சுளிக்க வேண்டாம். 1654இல் சூதாட்டக் கேள்வியொன்றைக் குறித்துப் பஸ்காலும் பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலன்றோ நிகழ்தகவுக் கணிதம் உருப்பெற்றது!

அமெரிக்கரின் 'டெக்ஸாஸ் ஹோல்டெம்' எனும் போக்கர் ஆட்டத்தில், சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் பணம் வைத்தாக வேண்டும். இதுவே குருட்டுப் பந்தயம். ஒருவர் 50 டொலரும் அடுத்தவர் 100 டொலரும் வைத்தனர் என்போம். வேறொருவர் 300 வைக்கிறார், ஏனையோர் விலகுகின்றனர். 100 வைத்தவரோ, "என் பணத்தை விடுவதா?" என்று துடிக்கிறார். அங்கேதான் பிழை. அது இப்போது அவர் பணமன்று. நடுவிலுள்ள குவியலின் பணம். (கணக்குப் படிப்பிக்கும் நாமும், சலித்துப்போன படத்தை டிக்கற் காசுக்காக இறுதிவரை இருந்து பார்த்ததுண்டு.)

குவியலில் 450 உண்டு. அவர் இன்னும் 200 வைத்தால் 650. இருநூறு அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பங்கு. வெல்லும் வாய்ப்பு அதனினுங் குறைவாயின் சீட்டைக் கவிழ்ப்பதே நன்று. சற்றே கூடினாலும் பெரும்பாலும் போதாது. ஏனெனில் பின்வரும் மூன்று சுற்றிலும், எதிரியின் எண்ணமறியாமல், அவரே முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

எதிரி 300க்குப் பதில் 200 வைத்திருந்தால்? மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். நமக்கு வந்த விடை நூற்றுக்கு 22 அளவில்.