ஏ.சி. ரூமா, பிரேக்கா?

பதினைந்து வருடப் பழைய வேனில் ஸ்டவ், பாய், பாத்திரம் எல்லாம் ஏற்றி, அரியலூர் ரெட்டிபாளையத்திலிருந்து குடும்பத்தோடு கொல்லிமலை கிளம்புகிறீர்கள். அதற்கு முன் வண்டியை எங்கே சர்வீஸ் விடுவீர்கள்? ஏ.சி. ரூமும் காபி மெஷினும் இருக்கிற இடத்தில்தானே?

நானும் விட்டேன். வாட்டர் வாஷ், பாலிஷ், முழ நீளத்துக்கு பில். பிரேக் ஆயில் மட்டும் பழசு, டிகாஷன் கலரில்! அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகும். பெடல் புஸ்ஸென்று உள்ளே போகும், வண்டி நிற்காது.

ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலை ஊர். பாரம் ஏற்றும் லாரிகளைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கின் கிரீஸ் பனியனைப் பார்த்து ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? (லாரிக்கு ஏர் பிரேக், வேனுக்கு ஆயில் பிரேக். அது தெரிந்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மரத்தடியில் கடை போட்டவரெல்லாம் உத்தமர் இல்லை.) சக்கரத்தைக் கழற்றும்போது பக்கத்தில் நிற்க விடுகிறாரா? பழைய லைனிங்கைக் கையில் தருகிறாரா? "இது தாங்கும் சார், மாத்த வேணாம்" என்று ஒரு தடவையாவது சொல்கிறாரா?

இல்லையா, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். காபியை வெளியே குடித்துக்கொள்ளலாம்.