கெப் உயர்ந்தால் இலாபம் உயருமா?

வயல் பாதையிலும் களிமண் ரோட்டிலும் சரக்கு ஏற்றும் நமது வியாபாரிகள் பலர் டபள் கெப்பை 2 அங்குலம் உயர்த்த விரும்புகின்றனர். விரும்புவதில் தவறில்லை. ஆனால் எது மலிவு, எது வீண் செலவு என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

மிக மலிவானது பின் ஸ்பிரிங்கின் ஷெக்கிளை நீளமாக்குவது. 4 அங்குலம் நீட்டினால் பாடி ஏறத்தாழ 2 அங்குலம்தான் உயரும். அக்ஸலின் கோணம் மாறி ஷாப்ட் கிராஸும் தேயும். முன்பக்கம் டோர்ஷன் பார் உள்ள பழைய எல்200 போன்றவற்றில் போல்ட்டை முறுக்கினாலே உயரும். ஆனால் அளவு மீறினால் சில்லு கீழிறங்க இடம் குறையும்; போல் ஜொயின்ட் சீக்கிரம் போய்விடும்.

இன்னொன்று, ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பின் டிபரன்சல் நிலத்திலிருந்து ஒரு நூல்கூட உயராது. அதை உயர்த்துவது டயர்தான். 2 அங்குலம் உயரமான டயர் போட்டால் 1 அங்குலம் கிடைக்கும்.

எனவே முதலில் நல்ல சேற்று டயர் வாங்குங்கள் என்றே நான் சொல்வேன். அதன் பிறகும் தேவைப்பட்டால், ஏற்றும் பாரத்துக்கேற்ற ஸ்பிரிங்கையும் பொருத்தமான ஷொக் அப்சோபரையும் சேர்த்தே மாற்றுங்கள். 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பாரம் ஏற்றிய வாகனம் வளைவில் கவிழக்கூடும். பிரேக் ஹோஸின் நீளத்தைப் பார்த்து, அலைன்மன்ட் செய்து, காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவியுங்கள். பஞ்சிகாவத்தையில் மிச்சம் பிடித்ததைக் கராஜில் கொட்டுவது வியாபாரமல்ல.