எல்லாம் இணையத்தில் இல்லை

சான் ஹோசேயில் தமிழர் கூடும் மேடைகளில் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது: "எல்லாமே இணையத்தில் இருக்கு, நூலகத்துக்கு எதுக்குக் காசு?" சொல்பவர் பெரும்பாலும் பொறியாளர். கைதட்டலும் கிடைக்கும். பல ஆண்டுகளாகக் கேட்டுப் பொறுத்தது போதும்.

கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: பழைய அறிவியல் நூல்கள் காலாவதியானவையாம். மனிதர்கள் எப்படித் தவறி, எப்படித் திருத்திக்கொண்டார்கள் என்பதை வேறெங்கே படிப்பது? அந்த வாதத்துக்கு இவ்வளவே போதும்.

'எல்லாமே இருக்கிறது' என்பதற்கு வருவோம். வானொலி ஒலிபரப்பு 1920இல் பிட்ஸ்பர்கில் கேடிகேஏ நிலையத்தோடு தொடங்கியது என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஆனால் 1909இலேயே இதே சான் ஹோசேயில், முதல் தெருவும் சான் ஃபெர்னாண்டோ தெருவும் சந்திக்கும் முனையிலிருந்த வங்கிக் கட்டடத்தில், சார்ல்ஸ் ஹெரால்டு கம்பியில்லாத் தந்திப் பள்ளி தொடங்கினார். பேச்சையும் இசையையும் காற்றில் அனுப்பினார். 1948இல் கவனிப்பாரின்றி இறந்தார். 1950களின் இறுதியில்தான், இங்கே கல்லூரியில் இதழியல் கற்பித்த கார்டன் கிரெப் அவருடைய கதையைத் தேடி எடுத்தார். தேட எது இருந்தது? எஞ்சிய தாள்கள், படங்கள், உயிரோடிருந்தவர்களின் நினைவுகள். 1910இல் நியூயார்க்கில் உதிரிபாகம் விற்ற ஒரு கம்பெனியின் விலைப்பட்டியலும் சாட்சியாக நிற்கிறது. சான்டா கிளாரா பள்ளத்தாக்கின் அமெச்சூர்களுக்குக் கம்பியில்லாத் தொலைபேசியில் கச்சேரி அனுப்பிவருவதாக நோட்டரி முன் ஹெரால்டு கொடுத்த வாக்குமூலம் அதில் அச்சாகியிருக்கிறது. விலைப்பட்டியல்! அடுத்த ஆண்டே எறியவேண்டிய காகிதம். எறியாத ஒருவரால்தான் இந்த ஊரின் வரலாறு நிற்கிறது.

ஹெரால்டின் தாள்கள் இன்று ஹிஸ்டரி சான் ஹோசே என்ற அமைப்பு பராமரிக்கும் பெரம் தொகுப்பில் உள்ளன. ஃபுட்ஹில் கல்லூரியில் இருந்த அதன் அருங்காட்சியகம் மூடப்பட்டபின், தொகுப்பு ஆண்டுக்கணக்கில் பெட்டிகளில் கிடந்து 2003இல் இங்கே வந்தது. இடம் கொடுக்க ஆளில்லாமல் போயிருந்தால் எந்தத் தேடுபொறி அதை மீட்டிருக்கும்?

ஸ்கேன் செய்தால் போதாதா என்பார்கள். செய்ய முதலில் காகிதம் வேண்டும். 2017 அக்டோபரில் சான்டா ரோசாவில் பரவிய காட்டுத்தீயில், ஹெச்பி நிறுவனர்களான ஹியூலெட், பேக்கார்டு இருவரின் கடிதங்களும் உரைகளும் அடங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள் சாம்பலாயின. சிலிக்கான் பள்ளத்தாக்கின் பிறப்புச் சான்றுகள் அவை. அவை ஒரு கம்பெனி வளாகத்தில் இருந்தன, நூலகத்தில் அல்ல.

தமிழர்களாகிய நாம் இதை அறியாதவர்களா? கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, மருத்துவச் சிறுநூலிலிருந்து நாடக நோட்டீஸ் வரை சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994 முதல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. சித்த மருத்துவ அச்சு வரலாற்றை எழுத வருபவர்கள் அந்தப் படியேறுகிறார்கள்.

டிஜிட்டல் என்றால் அழியாது என்பதுதான் எனக்குத் தாளாத வாதம். யூனிகோடு பரவுமுன், 1990களில் நம்மவர்கள் மயிலை எழுத்துருவில் தட்டிய கடிதங்களை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். அர்த்தமில்லாத ரோமன் எழுத்துகளே தெரியும். ஒரு தலைமுறைக்குள் இந்தக் கதி! அந்தக் காலத்து நெகிழ்வட்டுகளும் கையேடுகளும் மாநாட்டு மலர்களும் ஃப்ரீமான்டிலும் சன்னிவேலிலும் யார் வீட்டு கராஜிலாவது இருந்தால், வீடு மாறும்போது குப்பை வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். ஒரு ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.